மொட்டையன் என்கிற கதிர்வேலு

சார், இந்தச் சுருளைக் கொஞ்சம் உங்கள் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொள்ளட்டுமா? மேலே கம்பியில் வைத்தால் எவனாவது மூட்டையைத் தூக்கிப் போட்டு நசுக்கிவிடுவான். ஒன்றுமில்லை, காகிதம்தான். பிரஸ்ஸிலிருந்து நேராக வருகிறேன், மை கூட முழுசாகக் காயவில்லை. நான் நாவல்குப்பத்தில் இறங்குவேன். நீங்கள் ஆரணி வரைக்குமா? அப்போ சரி. முக்கால் மணி நேரம் இருக்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். ஊரில் சொல்ல முடியாது. ஊரில் எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருக்கிறது.

என் பெயர் பொன்னுரங்கம். மைக் செட்காரன். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசம் கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், எதுவானாலும் எங்கள் பக்கத்துப் பதினைந்து ஊரில் என் குழாய்தான் கத்தும். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் காது நல்ல காது சார். மிஷின் உள்ளே எது கெட்டுப்போகப் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இத்தனை வருஷத்தில் எத்தனை பேருடைய பெயரைக் குழாயில் சொல்லியிருப்பேன்! தேர் இழுக்கிறவன் பெயர், காணாமல் போன பிள்ளையின் பெயர், செத்தவன் பெயர், அவனைத் தூக்க வந்தவன் பெயர். என்னைப் பெற்ற அப்பன் பெயரை மட்டும் சொன்னதில்லை. ஏன் என்றால் எனக்கே தெரியாது. ஐம்பத்தாறு வயசு வரைக்கும் தெரியாது.

அப்படிப் பார்க்காதீர்கள். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மொட்டையன். ஊரே அப்படித்தான் சொல்லும். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவது இவர். தங்கவேண்டுமே என்று பிறந்த முப்பதாம் நாளே மொட்டை அடித்து, மொட்டையன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நல்ல பெயராக வைத்தால் எமன் கண்ணில் படும் என்று ஒரு எண்ணம். நல்ல பெயர் ஒன்று வைக்காமல் இல்லை. வைத்ததை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வைத்த தாத்தாவும் பாட்டியும் ஒரே காலரா வருஷத்தில் போய்விட்டார்கள். அப்புறம் அந்த நல்ல பெயர் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் அவர். இன்னொருத்தி அவர் கையால் தாலி கட்டிக்கொண்டவள், என் அம்மா தேசம்மாள்.

அவள் சொல்வாளா? அந்தக் காலத்துப் பெண் புருஷன் பெயரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறைந்துவிடும் என்று நம்புகிறவள். எங்கள் அம்மா அதிலும் ஒரு படி மேலே.

அப்பா வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தபோது எனக்கு ஒரு வயசு. ஊருக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் மார்பை அளந்தார்களாம், ஓடச் சொன்னார்களாம், பெயர் கேட்டார்களாம். அவருக்குப் பட்டாளத்தில் போய் மொட்டையன் என்று சொல்ல வெட்கம். நல்ல பெயரைக் கொடுத்துவிட்டார். அதில் பிடித்தது சனியன். பட்டாளத்துப் புத்தகத்தில் ஒருத்தர், ஊர் வாயில் வேறு ஒருத்தர். ஒரு தடவை லீவில் வந்திருக்கிறார். எனக்குப் பூட்ஸ் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதன் வாயில் கையை விட்டால் தோள் வரைக்கும் போகும்.

எனக்கு ஐந்து வயசு ஆகும்போது ஒரு நாள் கிராம முன்சீப் சாவடிக்கு எதிரில் ஆட்களைக் கூட்டினார். கையில் ஒரு பட்டாளத்துக் காகிதம். 'நாவல்குப்பம் தேசம்மாள் புருஷன், சிப்பாய் கதிர்வேலு, பர்மா எல்லையில் சண்டையில் உயிர்விட்டார்.' தேதியைக் கூட ஜனங்களுக்குப் புரியட்டும் என்று பஞ்சாங்கம் பார்த்து, பங்குனி ஏழு என்று சொன்னாராம். எங்கள் ஊர் அம்மன் தேசம்மன். மூன்று வீட்டுக்கு ஒரு தேசம்மாள் இருப்பாள். அன்றைக்குப் புருஷன் உள்ள தேசம்மாள் நாலு பேர். இரண்டு பேருக்குப் புருஷன் பக்கத்திலேயே வெற்றிலை மென்றுகொண்டு நிற்கிறான். மூன்றாமவள் புருஷன் ஏகாம்பரம், பட்டாளத்தில்தான் இருந்தான், ஆனால் அவன் பெயர் ஊருக்கே தெரியும். மிச்சம் ஒரே தேசம்மாள்.

முன்சீப் கேட்டிருக்கிறார். "ஏம்மா, உன் வீட்டுக்காரன் பேரு இன்னா?" பக்கத்தில் இருந்தவன் எவனோ, அது மொட்டையன் பெண்டாட்டி சாமி என்று முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறான். முன்சீப் விடவில்லை. மொட்டையன்தான் கதிர்வேலா என்று அவளையே பார்த்துக் கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினாள் சார்.

இப்படியும் அப்படியும். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். பெயரை வாயால் சொல்லக்கூடாது, சரி, ஒப்புக்கொள்கிறேன். வாயால் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதுமே. மேலும் கீழும் ஆட்ட வேண்டிய தலையை இவள் பக்கவாட்டில் ஆட்டிவிட்டாள். பயம். இருபது இருபத்திரண்டு வயசுப் பெண், முன்சீப் என்றால் சும்மாவா, டவாலி போட்ட ஆள் வேறு பக்கத்தில். உதறல் எடுத்திருக்கும். கேள்வியே காதில் விழுந்திருக்காது. நான் இதை இத்தனை வருஷமாக யோசித்து வைத்திருக்கிறேன். பயம்தான்.

முன்சீப்புக்கு என்ன வந்தது? இது வேறு ஏதோ நாவல்குப்பமாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு, 'இவ்விடம் அப்படி யாரும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு தலையாட்டல். என் வாழ்க்கை அதோடு போச்சு.

வீட்டுக்கு வந்தவள் சும்மா இருந்தாளா? உச்சி வெயிலில் கிணற்றில் தண்ணீர் சேந்திச் சேந்தித் தலையில் ஊற்றிக்கொண்டாள். எண்ணெய் இல்லை, சீயக்காய் இல்லை, கட்டின புடவையோடு. என்னையும் இழுத்து நிறுத்தி என் தலையில் இரண்டு குடம் ஊற்றினாள். எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. அப்புறம் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மெழுகு தடவி, அதன்மேல் குங்குமத்தை இவ்வளவு பெரிசாக, காலணா அகலத்துக்கு வைத்துக்கொண்டாள். இதெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ட நேரத்தில் குளிப்பது அவளுக்கு ஒரு பழக்கம். கடைசியில் அதுதான் அவளை முடித்தது. அதற்கு வருகிறேன்.

அப்புறம் ஒரு சேதியும் இல்லை. வருஷம் போச்சு. சண்டை முடிந்து ஏகாம்பரம் வந்துவிட்டார், இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள், மொட்டையன் வரவில்லை. ஊர் சும்மா இருக்குமா? ரங்கூனில் கூலிக்கு இருந்துவிட்டு வந்தவன் ஒருத்தன் சொன்னானாம், மொட்டையனை நான் பார்த்தேன், பர்மாக்காரி ஒருத்தியோடு சாயாக்கடை வைத்திருக்கிறான், குண்டாகிவிட்டான் என்று. அவ்வளவுதான். நான் ஓடுகாலி மகன் ஆகிவிட்டேன்.

அதைக் கேட்டு அம்மா என்ன செய்திருக்க வேண்டும்? அவன் வாயில் மண்ணை வாரிப் போட்டிருக்க வேண்டாமா? இவள் புளியை உருட்டிக்கொண்டே, "எங்கயோ நல்லா இருந்தா சரி" என்று சொன்னாள். நல்லா இருந்தால் சரியாம். கட்டினவளுக்கு ரோஷம் இல்லை, பெற்ற பிள்ளைக்கு இருந்து என்ன பிரயோசனம்?

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அப்பா பெயர் கேட்டார். மொட்டையன் என்றேன். இன்ஷியல் மொ. ஆச்சு. மொ. பொன்னுரங்கம் என்று ஆஜர் கூப்பிடும்போதெல்லாம் சிரிப்பு. பின்னால் இருந்து ஒருத்தன் பொன்னுரங்கூன் என்பான். பொன்னுரங்கம், பொன்னுரங்கூன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது இல்லையா? எனக்கே ஒரு நாள் சிரிப்பு வந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அந்தப் பெயர் நிற்கவில்லை. மைக் செட் வைத்த பிறகும், ரங்கூன் செட்டுக்குச் சொல்லிவிட்டாயா என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். கணியம்பாடிப் பக்கம் ஒரு பெண் பார்த்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அதற்கும் பிடித்துத்தான் இருந்தது, தண்ணீர்ச் செம்பு கொடுக்கும்போது எனக்குத் தெரிந்தது. அவள் அப்பன் தட்டை மாற்ற வந்தவன், விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனான். அப்பன் ஓடினவன், பிள்ளை ஓடமாட்டான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டானாம். நான் எங்கே ஓடப்போகிறேன் சார், கால் ஊன்றி ஊரிலேயே நின்றவன். முப்பத்து நாலு வயசில், எங்கள் கதை தெரியாத தூரத்து ஊரில் பெண் எடுத்தார்கள்.

அப்போதுதான் முடிவு பண்ணினேன். அப்பா செத்தாரா இருக்கிறாரா, ஒன்றில் ஒன்று எனக்குக் காகிதம் வேண்டும். சண்டையில் செத்தார் என்றால் என் இன்ஷியலை நிமிர்ந்து சொல்வேன். ஓடினார் என்றால் அதையும் குழாயில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வேலூரில் போய்க் கேட்டேன். பட்டாளத்துக்காரர்கள் ஆபீஸ் ஒன்று. பெயர் என்ன என்றார் எழுதுகிறவர். மொட்டையன் என்றேன். பேனாவை வைத்துவிட்டார். "பட்டாளத்துல எல்லாருமே மொட்டைதான்யா. பேரைச் சொல்லு" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மெட்ராஸ் போனேன், அங்கேயும் அதே. பெயர், நம்பர், தகப்பன் பெயர். எனக்குத் தெரிந்தது ஒரு பூட்ஸ்.

முன்சீப் அன்றைக்குப் படித்த பெயரை நீ கேட்டாயே என்கிறீர்களா? ஐந்து வயசு சார். தலையை ஆட்டினது ஞாபகம் இருக்கிறது, குடத்துத் தண்ணீர் ஞாபகம் இருக்கிறது, பெயர் நிற்கவில்லை. அந்த முன்சீப்பும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு நின்றிருந்தவர்களில் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காதான் பாக்கி. கேட்டால், ஏதோ முருகர் பெயர் என்பாள். முருகருக்குப் பெயரா பஞ்சம்?

அம்மாவைக் கேட்காமல் இருப்பேனா. காலில் விழுந்து கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன். எல்லாரும் கூப்பிட்ட பெயர்தான் என்று சாதிப்பாள். கோயிலுக்குக் கூட்டிப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கி, குருக்களை விட்டு அப்பா பெயர் கேட்கச் சொன்னேன். சாமி பெயருக்கே பண்ணுங்க சாமி என்று தட்டை நீட்டிவிட்டாள். கெட்டிக்காரி. சொல்லக்கூடாத பெயரைச் சொல்லாமல் இருப்பது கூடப் பரவாயில்லை, அந்தப் பெயரில் ஒட்டின சொல்லைக் கூடச் சொல்ல மாட்டாள். நெற்கதிர் என்று ஒரு நாள் சொன்னதில்லை. நெல்லுத்தலை என்பாள். வேலி என்று சொல்ல மாட்டாள், முள்ளடைப்பு என்பாள். நாம் இப்போது ஏறினோமே வேலூர், அது அவளுக்குக் கோட்டை ஊர். பிறந்த வீட்டுப் பக்கம் அப்படிப் பேசுவார்கள் போல என்று விட்டுவிட்டேன். நல்ல காது என்று பீற்றிக்கொண்டேனே, ஐம்பது வருஷம் என் காதுக்குள்ளேயே அந்தப் பெயர் அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறாள், எனக்கு விழவில்லை பாருங்கள்.

கடைசியில் அகப்பட்டது மாசிலாமணியால். ரிட்டயர் ஆன ஹவில்தார், எங்கள் ஊர்தான், நல்ல மனுஷன். சண்டை முடிந்து ஐம்பது வருஷம் ஆகிறதே, ஊரில் இருந்து போய் வராதவர்கள் பெயரை ஒரு கல்லில் வெட்டி ஏரிக்கரை முனையில் நட வேண்டும் என்று அவர்தான் ஆரம்பித்தார். எங்கெங்கோ எழுதிப் போட்டார். சீமையில் இருந்து ஒரு கட்டு காகிதம் வந்தது. ரங்கூன் பக்கத்தில் ஒரு மைதானத்தில் கல்தூண் நட்டு, உடம்பு கிடைக்காதவர்கள் பெயரை எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பட்டியல். அவர் என் கடை வாசலில் நின்று விரலை வைத்துப் படித்தார். இன்ன ரெஜிமென்ட், இன்ன நம்பர், சிப்பாய் கதிர்வேலு, வயது இருபத்தாறு, வட ஆற்காடு நாவல்குப்பம் தேசம்மாளின் கணவர்.

ரங்கூன் சார். ஊர் சொன்னது சரிதான். ரங்கூனில்தான் இருந்திருக்கிறார்.

தேதி போட்டிருந்தது. மாசிலாமணி காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டு, பங்குனி ஏழு என்றார். எனக்கு அதிசயமாக இருந்தது, ஏன் என்றால் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் பங்குனி ஏழாம் தேதி முருங்கைக்கீரையும் கருவாடும் ஆக்கி ஒரு இலை போடுவாள் அம்மா. என்னை விட்டுக் கூரைமேல் காக்காய்க்கு வைக்கச் சொல்வாள். தாத்தாவுக்கு என்பாள். தாத்தா செத்தது ஐப்பசி மழையில், ஊருக்கே தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவள், மாசத்தைக் குழப்பிக்கொண்டிருக்கிறாள் என்று நான் கூடத் திருத்திப் பார்த்தேன். அந்தத் தேதியும் இந்தத் தேதியும் எப்படி ஒத்துப்போச்சு பாருங்கள். சில விஷயம் அப்படி அமைந்துவிடுகிறது.

என்ன சார்? இல்லை, என்னமோ சொல்ல வந்தது போல இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, "அம்மா, கதிர்வேலு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கை நின்றுபோச்சு. தலை நிமிரவே இல்லை. முறத்தில் இருக்கிற அரிசி லேசாக ஆடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டுவிட்டு, "யாரு அது" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு முறத்தைப் பிடுங்கி வீசிவிட்டேன். ஆமாம், வீசினேன். ஐம்பது வருஷம் சார்.

மாசிலாமணி வந்து பதமாகப் பேசிப் பார்த்தார். கல்லில் வெட்டுவதற்கு முன்னால் குடும்பத்தில் ஒருத்தர் இவர் எங்கள் ஆள்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பெரியம்மா ஒரு கைநாட்டு வைத்தால் போதும் என்றார். "எனக்கு அப்படி ஒருத்தரைத் தெரியாதுப்பா" என்று கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். பெண்டாட்டி கைநாட்டு இல்லாவிட்டால் போகிறது, பிள்ளை கையெழுத்து இருக்கிறதே. நான் போட்டேன். க. பொன்னுரங்கம். பிறந்ததில் இருந்து முதல் தடவை. க போடும்போது தப்பாக விழுந்து, மறுபடி போட்டேன். கடை போர்டையும் அன்றைக்கே மாற்றி எழுதச் சொல்லிவிட்டேன்.

கல் திறப்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என் மைக் செட்தான். வேறு எவனையும் விடுவேனா? நாலு குழாய் கட்டினேன். மூன்று ஏரிக்கரையைப் பார்த்து. ஒன்று எங்கள் தெரு முனைக் கம்பத்தில், தெருவுக்குள்ளே பார்த்து. எந்தத் தெரு என்னை ரங்கூன் என்றதோ அந்தத் தெருவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று. கம்பத்துக்குப் பக்கத்து வீடு எங்கள் வீடு.

கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வாசலுக்கு வந்து கீழே நின்றாள். "உன் பேரு முன்னாடி எந்த எழுத்து வேணும்னாலும் போட்டுக்கோ. குழாயில மட்டும் அவரு செத்துட்டாருன்னு சொல்லாதடா" என்றாள். அவளுக்கு எப்போதுமே குழாய்ச் சத்தம் ஆகாது, தலைவலி வரும். பஞ்சு வைத்துக்கொள் என்று மேலே இருந்தே சொன்னேன்.

ஆறு பெயர் படித்தேன் சார். ஐந்து பெயரை ஒரே ஒரு தடவை. ஆறாவதை மூன்று தடவை. காலஞ்சென்ற சிப்பாய் கதிர்வேலு. காலஞ்சென்ற சிப்பாய் கதிர்வேலு. பர்மா எல்லையில் வீர மரணம் அடைந்த, க. பொன்னுரங்கத்தின் தகப்பனார், காலஞ்சென்ற சிப்பாய் கதிர்வேலு. குழாய் அன்றைக்குச் சுத்தமாக இருந்தது, ஒரு இரைச்சல் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. என் பிறவியில் அப்படி ஒரு சத்தம் நான் கொடுத்ததில்லை.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஜனங்கள் கல்லைச் சுற்றி நின்று படிக்கிறார்கள். ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்கிறார், ஏகாம்பரம் வயசு இருக்கும் ஒரு கிழவர், யாருய்யா இந்தக் கதிர்வேலு, நம்ம ஊரில் அப்படி ஒருத்தன் இருந்தானா என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும். நான் தெரிந்தவர்கள் எல்லாரையும் பிடித்துப் பிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது, மொட்டையன்யா, மொட்டையன் என்கிற கதிர்வேலு. கல்லிலேயே அப்படி வெட்டலாமா என்று மாசிலாமணியைக் கேட்டேன். பட்டாளத்துப் பெயர்தான் வெட்ட முடியும் என்று சொல்லிவிட்டார். அதுதான் அவர் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

செட்டைக் கழற்றி வீட்டுக்குப் போகிறேன், தலை சொட்டச் சொட்ட முற்றத்தில் நிற்கிறாள். எழுபத்து மூன்று வயசு, மார்கழிக் குளிர், விளக்கு வைக்கிற நேரத்தில் எட்டுக் குடம் தண்ணீர் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கட்டின புடவையோடு. என் பெண்டாட்டி தடுத்துப் பார்த்திருக்கிறாள், கேட்கவில்லை. நான்தான் சொன்னேனே, கண்ட நேரத்தில் குளிக்கிற பழக்கம் என்று. துவட்டிவிட்டதும் கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள். மெழுகு எடுத்துத் தடவி, குங்குமத்தை வைத்துக்கொண்டாள். முன்னை விடப் பெரிசாக. மறுநாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் போய்விட்டாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

அதோடு விட்டார்களா? எடுக்கிற அன்றைக்கு அஞ்சலை அக்கா, அவளுக்கு எண்பது வயசு, இன்னும் நாலு கிழவிகளைச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். மஞ்சள், பூ, சிவப்புப் புடவை. சுமங்கலிக்குச் செய்கிற மாதிரி ஜோடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சார், நீங்களே சொல்லுங்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கல்லைத் திறந்து, அப்பா செத்தார் என்று நான் மூன்று தடவை குழாயில் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் கூட ஆகவில்லை, அம்மாவைப் பூவும் பொட்டுமாகத் தூக்கினால் ஊர் எதைக் கொண்டு சிரிக்கும்? பாடை கட்டிக்கொண்டிருந்தவன் ஒருத்தன் என் காதுபடவே கேட்டான், "ரங்கூனுக்கு ஆள் போயிருக்கா, பெரியவரு எப்ப வருவாரு?" என்று.

பூவை எடுங்கள் என்றேன். எவளும் எடுக்கவில்லை. குங்குமத்தைத் துடையுங்கள் என்றேன். எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தர் செய்ய வேண்டுமே. துண்டை நனைத்து நானே துடைத்தேன். மெழுகு, சுலபத்தில் போகவில்லை. தாலிக்கயிற்றை மட்டும் தொடவில்லை, அதில் நான் விட்டுக்கொடுத்தேன். புடவையை இழுத்து மூடிவிட்டேன், யாருக்குத் தெரியப்போகிறது.

அப்போது அந்த அஞ்சலை அக்கா என்ன கேட்டாள் தெரியுமா? கத்தவில்லை, அழவில்லை. "அன்னிக்கு முன்சீப் எதிர்ல அவ பயந்துக்கினா தலையை ஆட்டினான்னு நெனைச்சிக்கினு இருக்கே?"

எண்பது வயசுக் கிழவி, புத்தி தடுமாறுகிறது. பயம் இல்லை என்றால் வேறு என்ன? தெரிந்தே ஆட்டினாள் என்றால், நான் யார்? அவள் நெற்றியில் ஒரு பொட்டு இருக்க வேண்டும் என்பதற்காகத் தெருவெல்லாம் என்னை ரங்கூன் ரங்கூன் என்று துரத்தும்போது பார்த்துக்கொண்டு புளி உருட்டினாளா? பெற்றவள் அப்படிச் செய்வாளா? செய்யமாட்டாள். பயம்தான் சார். நான் பக்கத்தில் நின்றவன். எனக்குத் தெரியாதா?

அதோ ஏரி வந்துவிட்டது. முனையில் தெரிகிறது பாருங்கள், அதுதான் கல்.

இந்தச் சுருளைக் காட்டுகிறேன், இறங்குவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். நாளைக்குப் பதினாறாம் நாள். அதற்குப் போஸ்டர். மேலே பெரிய எழுத்தில், காலஞ்சென்ற சிப்பாய் கதிர்வேலு அவர்களின் மனைவி தேசம்மாள், கண்ணீர் அஞ்சலி. கீழே, இவண் க. பொன்னுரங்கம். எழுத்தெல்லாம் நன்றாக விழுந்திருக்கிறது. படம்தான் சார். அவளைத் தனியாக எடுத்த படம் இது ஒன்றுதான், பொட்டோடு இருக்கிற படம். பிரஸ்காரனிடம் பொட்டை எடுத்துவிடு என்றேன். எடுத்துவிட்டான். ஆனால் அந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்துப்போய்த் தெரிகிறது. அவன் என்னமோ, நான் சரியாகத்தான் செய்தேன், பெரியம்மா தோலே அங்கே அப்படித்தான் இருந்திருக்கும், எத்தனை வருஷம் வெயில் படாத இடமோ என்கிறான். அத்தனை போஸ்டரிலும் அப்படியே இருக்கிறது. இதைக் கொண்டுபோய் ஊர் பூராவும் ஒட்ட வேண்டும்.

கொஞ்சம் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரிகிறதா?

தெரியவில்லைதானே? வாயால் சொல்ல வேண்டாம் சார். தலையை ஆட்டினால் போதும்.